தாழ்ந்த கூரையும் சுழலும் விசிறியும்: கொழும்பு வீட்டுக்கு எந்த விளக்கு?

வெள்ளவத்தையில் நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடி வீட்டின் படுக்கையறையில் அளவுநாடாவை நிமிர்த்திப் பிடித்தால், தரையிலிருந்து மேல்தளத்தின் அடிப்பக்கம் வரை 8 அடி, அதாவது ஏறத்தாழ 244 சென்ரிமீற்றர் வருகிறது. அறையின் குறுக்கே ஓடும் பீமுக்கு அடியில் நின்றால் அதிலும் ஓரடி குறையும். யாழ்ப்பாணத்து ஓட்டு வீட்டிலோ கொழும்பின் பழைய கல்வீடுகளிலோ உயர்ந்த கூரையின் கீழ் வளர்ந்தவர்களுக்கு, இந்த உயரம் முதற் சில மாதங்கள் உச்சந்தலையை யாரோ மெல்ல அழுத்திக்கொண்டிருப்பது போலவே இருக்கும். இத்தகைய அறைக்கு விளக்கு வாங்கப் புறக்கோட்டைக்குப் போனால், கடைக்காரர் 'இருப்பதிலேயே மெல்லியது' என்று ஒன்றைத்தான் முதலில் எடுத்துக் காட்டுவார். உயரம் குறைந்த அறைக்கு மெல்லிய விளக்கு என்பது கேட்பதற்குப் பொருத்தமாகவே படுகிறது. ஆனால் இரண்டு வீடுகளில் விளக்குகளை மாற்றியும், மாற்றியதை மறுபடி மாற்றியும் பார்த்த பின்னர், விளக்கின் தடிப்பு இந்த முடிவில் கடைசியாகக் கவனிக்க வேண்டியது என்ற எண்ணத்துக்கே வந்திருக்கிறேன். முதலில் கேட்க வேண்டியவை இரண்டு: மின்விசிறி எங்கே தொங்குகிறது, விளக்கின் ஒளி தரையில் மட்டும் விழுகிறதா, சுவரிலும் மேல்தளத்திலும் படிகிறதா.

கொழும்பின் வெக்கையில் விசிறி இல்லாத படுக்கையறையை எண்ணிப்பார்க்க முடியாது. குளிரூட்டி பூட்டிய வீடுகளிலும் மின்கட்டணத்துக்கு அஞ்சிப் பெரும்பாலான இரவுகளில் விசிறியையே சுழலவிடுகிறோம். வீட்டைக் கட்டியவர் அறையின் நட்டநடுவில், கொங்கிறீற்றுக்குள் ஒரு கொக்கியைப் பதித்துவிட்டுப் போயிருப்பார். அந்த நடு இடம் விசிறிக்கு எழுதிக் கொடுத்த காணி. விளக்கு பின்னால் வந்த குடி. வெளிநாட்டு வீட்டலங்காரப் படங்களில் மேல்தளத்தின் மத்தியில் அழகாக ஒட்டிக்கிடக்கும் வட்ட விளக்கு நமக்குப் பொருந்தாமற் போவது இதனால்தான்.

விசிறியின் இறக்கைகள் தரையிலிருந்து குறைந்தது 7 அடி உயரத்திலாவது சுழல வேண்டும் என்பது பொதுவாகப் பின்பற்றப்படும் பாதுகாப்பளவு. 8 அடி அறையில் தண்டைக் குறுக்கிப் பூட்டி, இறக்கைகளை மேல்தளத்திலிருந்து ஏறத்தாழ ஓரடி கீழே நிறுத்தினால், அந்த 7 அடிக் கணக்கு மயிரிழையில் சரிவரும். நடுத்தர உயரமுள்ள ஒருவர் சட்டையைக் கழற்றக் கைகளை உயர்த்தினால் அவருடைய விரல்நுனிகள் ஏறத்தாழ அந்த உயரத்தை எட்டிவிடும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பயந்துபோய் விசிறியை இன்னும் மேலே ஏற்றி மேல்தளத்தோடு ஒட்டினாற்போல் பூட்டினாலோ, இறக்கைகளுக்கு மேலே காற்று வந்து சேர இடமின்றி, அது சத்தம் போடுமே தவிரக் காற்றுத் தராது. ஆகவே இந்த அறையில் விளக்குக்கென்று மிச்சமான உயரம் எதுவும் இல்லை. இருந்தது முழுவதும் விசிறியின் கணக்கில் எழுதப்பட்டுவிட்டது.

இந்தக் கணக்கோடு பார்த்தால், இன்று பலர் முதலில் ஆசைப்படும் தெரிவே முதலில் அடிபட்டுப் போகிறது. ஜிப்சம் பலகையாலோ பிளாஸ்ரிக் பனல்களாலோ ஒரு சீலிங் அடித்து, அதற்குள் டவுன்லைற்றுகளைப் புதைப்பதைச் சொல்கிறேன். புதிதாகக் கட்டி முடித்த வீடுகளைப் பார்க்கப் போகும்போது ஹோலில் ஆறு, அறையில் நான்கு என்று வெள்ளை வட்டங்கள் மின்னுவதைக் கண்டு மயங்காதவர்கள் குறைவு; நானும் மயங்கியவன்தான். ஆனால் சீலிங்கின் சட்டகமும், விளக்கின் உடலும், அதன் பின்னால் ஒளிந்திருந்து அதற்கு மின்சாரம் ஊட்டும் டிரைவர் பெட்டியும், வயர்களும் சேர்ந்து 4 அல்லது 5 அங்குலத்தை விழுங்கிவிடும். விசிறிக்கும் புதிய சீலிங்குக்கும் இடையில் அதே ஓரடி இடைவெளியை விட்டால் இறக்கைகள் 6 அடி 7 அங்குலத்துக்கு இறங்கிவிடும். இறக்கைகளை 7 அடியிலேயே வைத்திருந்தால் அவற்றுக்கு மேலே எஞ்சுவது 7 அங்குலம்தான். ஒன்றில் தலைக்கு ஆபத்து, மற்றதில் காற்றுக்குப் பஞ்சம்.

உயரத்தை இழப்பது ஒரு பக்கம் இருக்க, டவுன்லைற்றின் ஒளியே தாழ்ந்த அறைக்கு அவ்வளவு ஒத்துவருவதில்லை. அது மேல்தளத்துக்குள் மறைந்திருப்பதால், மேல்தளத்தின் மீது நேரடியாகச் சிறிதும் ஒளி படாது. தரையிலும் கட்டிலிலும் பட்டுத் திரும்பி மேலே போகும் ஒளி மட்டுமே அதை நிறம் காட்டும். சுவரின் மேற்பகுதியும் மங்கலாகவே நிற்கும். இருண்ட மேல்தளம் கண்ணுக்கு இன்னும் தாழ்ந்ததாகத் தெரியும் என்பது எளிய உண்மை. அறையை உயர்த்திக் காட்டுவதற்காக வாங்கிய விளக்கு அதைக் குகையாக்கிவிடுகிறது. அத்துடன், ஒளிக்கற்றையின் விரிவுக் கோணத்தையும் கவனிக்க வேண்டும். 8 அடி உயரத்திலிருந்து மேசை உயரத்துக்கு வருகையில், 36 பாகை கோணமுள்ள டவுன்லைற்றின் ஒளிவட்டம் ஏறத்தாழ மூன்றரை அடி விட்டமே இருக்கும். 60 பாகை என்றால் ஆறேகால் அடிக்குச் சற்று மேல். உயரமான மண்டபத்தில் அதே விளக்கு விரிந்து பரவும். தாழ்ந்த அறையிலோ தரையில் தனித்தனி வட்டங்களாகக் குந்தியிருக்கும். இடைவெளிகளை நிரப்ப எண்ணிக்கையைக் கூட்ட வேண்டியிருக்கும். கூட்டக்கூட, நிமிர்ந்து பார்க்கும் இடமெல்லாம் கண்கூசும்.

மேல்மாடி வீடுகளில் இன்னொரு சங்கடமும் உண்டு. பகல் முழுவதும் வெயில் குடித்த கொங்கிறீற்றுக்கும் சீலிங்குக்கும் இடையில் அடைபட்ட காற்று, மாலையில் விளக்கைப் போடும்போது நன்றாகச் சூடேறியிருக்கும். எல்.ஈ.டி. விளக்குகளில் பெரும்பாலும் முதலில் சாவது ஒளி தரும் சில்லு அல்ல, அதற்கு மின்சாரம் ஊட்டும் டிரைவர். அதனுள் இருக்கும் மின்பகுப்பு வகைக் கொள்ளளவிகளின் (கப்பாசிற்றர்) ஆயுள், வெப்பநிலை 10 பாகை செல்சியஸ் கூடும்போது ஏறத்தாழப் பாதியாகக் குறையும் என்பது மின்னணுத் துறையில் பழகிய கணக்கு. பெட்டியில் அச்சிட்டிருக்கும் ஆயுள் மணித்தியாலங்கள் அந்தச் சூட்டைக் கருதி எழுதப்பட்டவை அல்ல.

டவுன்லைற்றுக்கு நியாயமாகச் சேர வேண்டியதையும் சொல்லிவிட வேண்டும். அடுக்குமாடி வீடுகளின் குளியலறையில் மேல்வீட்டுக் குழாய்கள் தளத்துக்குக் கீழே தொங்குவதால், அவற்றை மறைக்க ஏற்கெனவே ஒரு பிளாஸ்ரிக் சீலிங் அடித்திருப்பார்கள். அங்கே விசிறியும் இல்லை, படுத்துக்கொண்டு மேலே பார்ப்பாரும் இல்லை, இழக்க வேண்டிய உயரத்தைக் குழாய்களே தின்றுவிட்டன. அந்த இடத்தில் ஈரம் புகாத தரமுள்ள 6 வாற்று டவுன்லைற்றுகள் இரண்டு பொருத்தினால் வேறெதுவும் அவ்வளவு சுத்தமாக இராது. ஐ.பி. 44 அல்லது அதற்கு மேற்பட்ட குறியீடு உள்ளதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்; மேல்வீட்டுக் குழாய் ஒருநாள் கசியாது என்று யாரும் எழுதித் தருவதில்லை.

படுக்கையறைக்கும் ஹோலுக்கும் எஞ்சும் உண்மையான போட்டி, மேல்தளத்தில் ஒட்டிப் பூட்டும் பனல் விளக்குக்கும், நமக்குப் பழகிய ரியூப் லைற்றுக்கும் இடையிலானதுதான்.

பனல் விளக்கு என்பது மேல்தளத்தின் மேற்பரப்பிலேயே திருகி வைக்கும் வட்டத் தட்டு அல்லது சதுரத் தட்டு. தடிப்பு ஓரிரு அங்குலத்துக்கு மேல் போகாது. ஒளிக்கோணம் ஏறத்தாழ 120 பாகை என்பதால் ஒன்றின் ஒளியே அறை முழுவதும் பரவும், சுவரின் மேற்பகுதியையும் தொடும். 12 வாற்று விளக்கு ஏறத்தாழ 17 சென்ரிமீற்றர் விட்டமும், 18 வாற்று விளக்கு 22 சென்ரிமீற்றரும், 24 வாற்று விளக்கு 30 சென்ரிமீற்றரும் இருக்கும். இங்கேதான் பெரும்பாலானோர் ஒரு தவறு செய்கிறோம்: ஒரு 24 வாற்றை வாங்கி, விசிறிக்கு முடிந்தவரை அருகில், அறையின் நடுவைத் தேடிப் பூட்டுகிறோம். விசிறி சுழலத் தொடங்கியதும் இறக்கைகள் ஒளியை அரிந்து அரிந்து அறைக்குள் வீசுகின்றன. புத்தகத்தின் பக்கமும் சோற்றுக்கோப்பையும் சுவரும் துடிக்கின்றன. ஒரு மணித்தியாலம் அதற்குள் இருந்து வாசித்தவருக்குத் தலையிடி வந்தால் அதிசயம் இல்லை. முதல் வீட்டில் நான் செய்ததும் இதுவேதான். ஒரு வாரத்துக்குள், விளக்கைப் போட்டால் விசிறியை நிறுத்துவது, விசிறியைப் போட்டால் விளக்கை அணைப்பது என்ற ஒப்பந்தத்துக்கு வீடு வந்துவிட்டது.

கணக்கைச் சற்றுப் பொறுமையாகப் போட்டால் வழி தெரியும். 10 அடி அகலமான அறையில் 56 அங்குல விசிறி நடுவில் தொங்கினால், இறக்கையின் நுனிக்கும் சுவருக்கும் இடையில் 32 அங்குலம் வெறுமையாக இருக்கும். அந்த 32 அங்குலத்தின் நடுவில், அதாவது சுவரிலிருந்து 16 அங்குலத்தில் பனலைப் பூட்டினால், கீழ்நோக்கித் தரைக்கும் கட்டிலுக்கும் போகும் ஒளி இறக்கைகளுக்குள் அகப்படாது. எதிர்ச்சுவரை நோக்கிச் சாய்வாகப் போகும் ஒளி மட்டுமே வெட்டுப்படும். எதிர்ப்பக்கத்திலும் அதேபோல் இன்னொரு விளக்கைப் பூட்டிவிட்டால், அந்தச் சுவருக்கு அதன் சொந்த விளக்கே நிலையாக ஒளி தருவதால், எதிரிலிருந்து வரும் துடிப்பு பெரிதாகத் தெரியாமல் அமிழ்ந்துவிடும். எனவே ஒரு 24 வாற்றுக்குப் பதிலாக இரண்டு 12 வாற்று, பெரிய அறையானால் இரண்டு 18 வாற்று என்பதே என் முடிந்த தீர்ப்பு. விலை சற்றுக் கூடும், வயர் இழுக்கும் கூலியும் கூடும். ஆனால் சுவரோரம் நிற்கும் விளக்குகள் சுவரைக் கழுவினாற்போல் ஒளியூட்டுவதால் அறை அகன்றும் உயர்ந்தும் தெரிகிறது. மெல்லிய விளக்கு வாங்கி அடைய நினைத்தது எதுவோ, அது விளக்கை நகர்த்தியதால் கிடைத்துவிடுகிறது.

ஒளி போதுமா என்று கேட்பவர்கள் வாற்றைப் பார்க்காமல் பெட்டியில் எழுதியிருக்கும் லூமன் அளவை, அதாவது விளக்கு வெளிவிடும் மொத்த ஒளியைப் பார்க்க வேண்டும். ஒரு வாற்றுக்கு 80 லூமன் என்று வைத்துக்கொண்டால், இரண்டு 18 வாற்று விளக்குகள் ஏறத்தாழ 2,900 லூமன் தரும். சுவரிலும் தளபாடங்களிலும் பாதி தொலைந்துபோகும் என்று கொண்டாலும், 100 சதுர அடி அறையில் மேசை உயரத்தில் 150 லக்ஸ் (ஒரு சதுர மீற்றரில் விழும் லூமன்) கிடைக்கும்; இருந்து பேச, உடுப்பு மடிக்க, பிள்ளைக்குச் சோறூட்ட அது தாராளம். படிப்பதற்குப் போதாது. படிப்பு மேசைக்கு 300 முதல் 500 லக்ஸ் வரை வேண்டும். அதை மேல்தளத்திலிருந்து வரவழைக்க நினைப்பது வீண்செலவு, மேசைக்கென்று ஒரு விளக்கு வைத்துவிடுவதே முறை.

இனி ரியூப் லைற். இதை நாகரிகமற்றது என்று ஒதுக்குவோர் பெருகிவிட்டனர். நான்கடி நீளமான 18 அல்லது 20 வாற்று எல்.ஈ.டி. குழல் ஒன்று ஏறத்தாழ 2,000 லூமன் தருகிறது. ஒளி ஒரு புள்ளியில் குவியாமல் நான்கடிக்கும் பரந்திருப்பதால் நிழல்கள் மென்மையாக விழுகின்றன. பழுதானால் அடுத்த தெருமுனைக் கடையிலேயே மாற்றுக் குழல் கிடைக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, அது மேல்தளத்தைக் கேட்பதே இல்லை, சுவரோடு நின்றுவிடும். பழைய வீடுகளில் சுவரில் உயரமாக ரியூப் லைற் பூட்டியது பழக்கத்தால் மட்டும் வந்ததல்ல என்று இப்போது தோன்றுகிறது. இறக்கைகளின் மட்டத்துக்குச் சற்று மேலே, ஏழரை அடியளவில் அது நின்றால், வெட்டுப்படும் ஒளி எதிர்ச்சுவரின் மேற்பகுதிக்கு மட்டுமே போகும். மேல்தளத்துக்கும் போதிய ஒளி நேரே கிடைக்கும். இறக்கைகளின் மட்டத்துக்குக் கீழே இறக்கிப் பூட்டினால் நிழல்கள் மேல்தளத்தில் சுற்றத் தொடங்கும். அது இன்னும் தொல்லை. இதன் குறை, எதிரே இருப்பவரின் கண்ணில் நேரே படுவது. வெறும் குழலைத் தவிர்த்து, பால்நிற மூடியுள்ள நீள்விளக்கை வாங்கினால் அந்தக் குறையும் பெருமளவு தணியும். அழகைப் பற்றி நான் வாதாட வரவில்லை. ஆனால் வாடகை வீட்டில், இருக்கும் மின்னிணைப்பைக் கலைக்காமல், குறைந்த செலவில், தாழ்ந்த அறைக்கு நல்ல ஒளி வேண்டும் என்றால் சுவரில் நிற்கும் நீள்விளக்கை எதுவும் வெல்லாது.

கண்ணாடிக் கிண்ணத்தைக் கவிழ்த்தாற்போன்ற விளக்குகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒளியை நன்றாகப் பரப்பும். நான்கைந்து அங்குலம் கீழிறங்கும். முதல் மழைக்குப் பிறகு வரும் ஈசல்கள் அத்தனையும் அதற்குள் செத்துக் கிடக்கும். மாதமொருமுறை ஏணி வைத்துக் கழற்றிக் கழுவ ஆளிருந்தால் வாங்கலாம்.

தொங்கும் விளக்குகள் தாழ்ந்த அறைக்கு ஆகாது என்று பொதுவாகச் சொல்வார்கள்; அது முழு உண்மை அல்ல. ஆள் நடமாடாத இடத்தின் மேலே தொங்கினால் உயரம் ஒரு பொருட்டே இல்லை, அத்தகைய இடம் சாப்பாட்டு மேசை. மேசை 75 சென்ரிமீற்றர் உயரம். அதற்கு மேலே 75 முதல் 90 சென்ரிமீற்றர் விட்டு விளக்கின் விளிம்பு நின்றால், எதிரெதிரே இருப்பவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கலாம், மின்குமிழும் கண்ணில் படாது, கறியும் சோறும் நிறம் காட்டும். 8 அடி அறைக்குள் இது தாராளமாக அடங்கும். ஆனால் நம் வீடுகளில் மேசை ஒரே இடத்தில் நிற்பதில்லை. திவசத்துக்கோ பிள்ளையின் பிறந்தநாளுக்கோ பத்துப்பேர் வந்தால் முதலில் நடப்பது, மேசையைச் சுவரோரம் தள்ளிப் பாய் விரித்து வாழையிலை போடுவது. அப்போது வெறுந்தரைக்கு மேலே ஐந்தடியில் தொங்கிக்கொண்டிருக்கும் விளக்கு, சாம்பார் வாளியோடு குனிந்து நிமிர்கிறவரின் நெற்றியைப் பதம் பார்க்கும். விசிறிக் காற்றில் அது ஊசலாடுவதும் உண்டு. மேசை அசையாத வீடு என்றால் வாங்குங்கள். அல்லது வயரைச் சுருட்டி உயர்த்தி மாட்ட ஒரு கொக்கியையும் சேர்த்து வையுங்கள்.

விசிறியின் அடியிலேயே விளக்குப் பூட்டிய வகையும் கடைகளில் உண்டு. ஒளி இறக்கைகளுக்குக் கீழே பிறப்பதால் துடிப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆனால் அது இன்னும் அரையடி கீழே இறங்கிவிடும். நேர் கீழே கட்டில் இருந்தால் யாரும் தலை இடிக்கப் போவதில்லை என்பதால் படுக்கையறையில் ஏற்றுக்கொள்ளலாம். ஹோலில் கூடாது.

மேலே பார்த்து ஒளிரும் மறைவிளக்குகளுக்குத் தாழ்ந்த அறையில் ஒரு தனி மதிப்பு உண்டு. இதற்கென்று சுவர் முழுவதும் ஜிப்சம் விளிம்பு கட்ட வேண்டிய தேவை இல்லை. ஆறடி அலுமாரியின் தலையில், முன்விளிம்புக்குப் பின்னால் மறையும்படி ஒரு எல்.ஈ.டி. பட்டியை ஒட்டிவிட்டால், இரண்டடி மேலேயுள்ள மேல்தளம் அப்படியே ஒளிரும். மேல்தளம் ஒளிரும் அறை தாழ்ந்ததாகத் தெரியாது. விசிறி சுழலும்போது இறக்கைகளின் மங்கலான நிழல் மேலே அசையத்தான் செய்யும். இரவில் படம் பார்க்கவோ குழந்தையைத் தூங்கவைக்கவோ போடும் மெல்லொளியில் அது பெரிதாகத் தொல்லை தராது. முதன்மை விளக்காக இதை நம்ப வேண்டாம். அலுமாரியின் மேலே பெட்டி படுக்கைகளை அடுக்கி வைக்கும் வீடுகளில், எங்கள் வீடும் அதில் ஒன்று, இந்த யோசனை பேச்சளவிலேயே நின்றுவிடும்.

குசினியில் பிரச்சினை உயரம் அல்ல, நம் முதுகு. நடுவில் விளக்கு எரிந்தால், அடுப்பின் முன்னாலோ காய்வெட்டும் பலகையின் முன்னாலோ நிற்பவரின் நிழலே கத்தியின் மேல் விழும். விளக்கை மேடையின் முன்விளிம்புக்கு நேர்மேலாக நகர்த்துவதோ, மேல் அலுமாரியின் அடியில் ஒரு நீள்விளக்கை ஒட்டுவதோதான் மருந்து. தாளிக்கும் எண்ணெய்ப் புகை படிவதால், துடைக்கத்தக்க மூடியுள்ள விளக்கே அங்கே நிலைக்கும். சாமியறைக்கும் இதே விதி. நல்லெண்ணெய் விளக்கின் புகை தாழ்ந்த மேல்தளத்தையும் பனலின் முகத்தையும் சில மாதங்களிலேயே மஞ்சளாக்கிவிடும்.

ஒளியின் நிறத்தைப் பற்றிக் கடைகளில் இரண்டு சொற்களே அதிகம் வழங்குகின்றன: 'டே லைற்', 'வோர்ம் வைற்'. முதலாவது 6,500 கெல்வின், நீலம் கலந்த வெண்மை; இரண்டாவது 2,700 முதல் 3,000 கெல்வின், பழைய குண்டுக் குமிழின் மஞ்சள். தாழ்ந்த அறையில் விளக்கு கண்ணுக்கு மிக அருகில் இருப்பதால் 6,500 கெல்வினின் கூச்சம் இரட்டிப்பாகத் தெரியும். நம் மாநிறத் தோலையும் அது சாம்பல் பூசியதுபோல் காட்டும். ஹோலுக்கும் குசினிக்கும் 4,000 கெல்வின், படுக்கையறைக்கு 3,000 கெல்வின் என்பது என் விருப்பம். ஆளியைப் போட்டு அணைத்துப் போட்டால் மூன்று நிறமும் மாறும் பனல்களும் வந்துவிட்டன. வீட்டில் கருத்து வேறுபாடு இருந்தால் அவை சமாதானத்துக்கு உதவும்.

சில வீடுகளுக்குத் தனியே ஒரு எச்சரிக்கை சொல்ல வேண்டும். கொழும்பிலும் சுற்றுப்புறங்களிலும் வாடகைக்கு விடப்படும் பல அனெக்ஸ்களில் கூரை அஸ்பெஸ்டஸ் தகடு; அதற்கடியில் அடித்திருக்கும் தட்டைச் சீலிங்கும் பழைய வீடுகளில் அதே பொருளாக இருக்கலாம். அதைத் துளைக்கவோ அறுக்கவோ போனால் எழும் தூசி நுரையீரலுக்குக் கேடு. அத்தகைய சீலிங்கில் புதிதாக எதையும் பூட்டாமல், இருக்கும் குமிழ்த் தாங்கியிலேயே மாட்டத்தக்க தட்டையான எல்.ஈ.டி. குமிழையோ, சுவரில் நிற்கும் நீள்விளக்கையோ தெரிவுசெய்வதே புத்தி. பின் (pin) வகைத் தாங்கியா, திருகு வகையா என்று பார்த்துக்கொண்டு கடைக்குப் போங்கள். இரண்டும் நம் நாட்டில் புழக்கத்தில் உள்ளன. கொங்கிறீற்றுத் தளத்திலும் வயரைப் புதைக்க வெட்டுக் கொடுக்க விடாதீர்கள். உள்ளிருக்கும் கம்பிக்குக் கவசமாக இருக்கும் மெல்லிய பூச்சைச் செதுக்கினால், கடற்காற்று மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். வயரை உள்ளே மறைத்து ஒட்டினாற்போல் ஓடும் வெள்ளைக் கேசிங், சுவரோரமாக நேராகப் போனால் ஒரு மாதத்தில் கண்ணுக்குப் பழகிவிடும்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவற்றில் முதன்மையானது, டிரைவர் தனியாகக் கழற்றி மாற்றத்தக்கதா என்பது; மாற்ற முடியாவிட்டால் சில நூறு ரூபாய்ப் பழுதுக்கு முழு விளக்கும் குப்பைக்குப் போகும். கடையிலேயே எரியவைத்து, கைப்பேசியின் கமராவை அதை நோக்கிப் பிடியுங்கள். திரையில் கரிய பட்டைகள் ஓடினால் அந்த விளக்கு நம் 50 ஹேர்ட்ஸ் மின்சாரத்தோடு சேர்ந்து நொடிக்கு 100 தடவை மினுங்குகிறது என்று பொருள், சுழலும் விசிறிக்கு அருகில் அது வேண்டாம். கடலோரத்து மரைன் டிரைவ் பக்கம் குடியிருப்போர் இரும்புக் கவ்விகளைத் தவிர்த்து அலுமினியமோ பிளாஸ்ரிக்கோ வாங்க வேண்டும். உலோக உடலுள்ள விளக்குக்குப் புவித்தொடுப்பு வயர் கட்டாயம். வேலைக்கு வரும் பாஸ், 'இதற்கெல்லாம் தேவையில்லை' என்று அதை வெட்டிவிட்டுப் பூட்ட முனைந்தால் தடுத்து நிறுத்துங்கள். ஆளியை அணைத்த பிறகும் விளக்கு மங்கலாக எரிந்தால் பேய் பிசாசு அல்ல. சிவப்புக் காட்டி உள்ள ஆளியோ, உயிர்வயருக்குப் பதிலாக நொதுமல் வயரில் பூட்டிய ஆளியோ காரணமாக இருக்கும். இரண்டாவது ஆபத்தானது.

மின்கட்டணத்தை எண்ணி விளக்கைச் சிறுப்பிக்க வேண்டியதில்லை. இரண்டு 12 வாற்று பனல்கள் நாளுக்கு 5 மணித்தியாலம் எரிந்தால் மாதத்துக்கு 3.6 அலகு, 75 வாற்று விசிறி நாளுக்கு 10 மணித்தியாலம் சுழன்றால் 22.5 அலகு. மிச்சம் பிடிக்க விரும்புவோர் விசிறியைத்தான் மாற்ற வேண்டும். 2022 மார்ச் கடைசியில் நாளுக்குப் பத்து, பதின்மூன்று மணித்தியாலம் மின்சாரம் இல்லாதிருந்ததை மறக்காதவர்கள், இரண்டில் ஒரு விளக்கை மின்கலம் உள்ளதாக வாங்கி வைப்பதையும் நான் குறைசொல்ல மாட்டேன்.

எங்கள் படுக்கையறையில் இப்போது தலைமாட்டுச் சுவரிலிருந்து 16 அங்குலத்தில் ஒன்றும், கால்மாட்டில் அதே தூரத்தில் ஒன்றுமாக இரண்டு 12 வாற்று பனல்கள் எரிகின்றன, தனித்தனி ஆளிகள். படுத்த பிறகு தலைமாட்டு விளக்கு மட்டுமே எரிவதால் கண்ணில் நேரே எதுவும் படுவதில்லை. துளை போடுவதற்கு முன் ஒரு வேலை செய்தோம்: பழைய நாட்காட்டித் தாளை விளக்கின் அளவுக்கு வட்டமாக வெட்டி, மேல்தளத்தில் ஒட்டி, இரண்டு நாள் அப்படியே விட்டோம். கட்டிலில் படுத்துப் பார்த்தும், அலுமாரிக் கதவைத் திறந்து பார்த்தும், விசிறியை முழுவேகத்தில் சுழலவிட்டு அங்கிருந்து கைவிளக்கை அடித்துப் பார்த்தும், இரண்டாம் நாள் மாலை ஒரு வட்டத்தை ஏழு அங்குலம் இடப்பக்கம் நகர்த்தினோம். அதன் பிறகுதான் துளைபோடும் இயந்திரத்தோடு ஆள் வந்தார்.